கையில் ஓர் ஊசி, நாவில் இரண்டு சொட்டு

பத்தாண்டுகளுக்கு முன் என் அத்தாவும் அம்மாவும் ஹஜ் பயணத்துக்குத் தயாரானபோது, பயணிகளுக்கான தடுப்பூசி முகாமுக்கு நான்தான் அவர்களை அழைத்துச் சென்றேன். பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் மேசையில் மூளைக்காய்ச்சலுக்கான ஊசியைக் கையில் போட்டு, அடுத்த மேசையில் போலியோ சொட்டு மருந்தை நாவில் விட்டு, அட்டையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தா, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் போல அண்ணாந்து வாயைத் திறந்து நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வெளியே வந்ததும், "ஏம்ப்பா, ரெண்டும் தடுப்பு மருந்துதானே, ஒண்ணைக் கையில குத்துறாங்க, ஒண்ணை வாயில ஊத்துறாங்க, அது ஏன்?" என்று கேட்டார். போலியோ கிருமி வாய்வழியாகக் குடலுக்குள் போய்த்தான் பெருகுகிறது, அதனால் மருந்தையும் வாயில் விடுகிறார்கள் என்று சொன்னேன். "அப்ப மூளைக்காய்ச்சல் எது வழியா வருது?" என்றார். மூக்கும் தொண்டையும்தான் அதற்கு வழி என்றேன். "அப்ப அதை மூக்குலதானே விடணும்?" என்று அவர் கேட்டபோது, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கும் என்னிடம் சட்டென்று சொல்ல ஒரு பதில் இல்லை. அந்தக் கேள்வியை விட்டு விலக முடியாமல் அன்றிலிருந்து படித்துச் சேர்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே சொல்லைப் பல நோய்களுக்கும் வழங்குகிறோம். நான் இங்கே சொல்வது, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறைகளில் பாக்டீரியா புகுந்து ஏற்படுத்தும் அழற்சியை. அதிலும் குறிப்பாக, கூட்டம் கூடும் இடங்களில் கொள்ளைநோயாகப் பரவக்கூடிய மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமியால் வருவதை. எங்கள் ஆய்வகத்துக்கு அது அரிதாகத்தான் வரும். வந்த நாட்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெளிந்த தண்ணீர் போல இருக்க வேண்டிய தண்டுவட நீர், வடித்த கஞ்சியைப் போலக் கலங்கிக் குழாயில் வந்திருந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது, இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டிரண்டாக ஒட்டிய காப்பிக்கொட்டைகளைப் போன்ற கிருமிகள், வெள்ளை அணுக்களின் உள்ளேயே அடைந்து கிடந்தன. மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; ஏனென்றால் காலையில் காய்ச்சல் என்று படுத்தவரை மறுநாள் காலைக்குள் கொண்டுபோய்விடக்கூடிய நோய் இது. சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் காது கேட்கும் திறனையோ கைகால்களையோ இழக்கிறார்கள்.

இத்தனை கொடிய கிருமி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை யாருக்கும் தீங்கு செய்யாமல் கழிக்கிறது என்பதுதான் இதில் வியப்பானது. மனிதனைத் தவிர இதற்கு வேறு இருப்பிடம் இல்லை. மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில், ஈரமான சளிச்சவ்வின் மேல், ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இது குடியிருக்கிறது. விடலைப் பருவத்தினரிடமும் விடுதிகளில் நெருக்கமாக வாழும் இளைஞர்களிடமும் இன்னும் மிகுதி. சுமப்பவருக்குத் தான் சுமப்பதே தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ இருந்துவிட்டு அது தானாகவே போய்விடும். அபூர்வமாக யாரோ ஒருவரிடம் மட்டும் அந்தச் சவ்வைக் கடந்து இரத்தத்தில் இறங்கி, அங்கிருந்து மூளை உறைக்குப் போகிறது. அந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். நலமாக நடமாடும் ஒரு சுமப்பவர்தான். ஆகவே நோயாளிகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் இந்தக் கிருமியின் ஓட்டம் நிற்காது. நான் இந்தத் துறையில் கவலைப்படுவதெல்லாம் இந்த ஒன்றைப் பற்றித்தான்: தடுப்பு மருந்து இரத்தத்தில் காவல் நிற்கிறதா, தொண்டையிலும் நிற்கிறதா?

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஹஜ்ஜும் ஒன்று. இந்தக் கிருமியை அதன் மேலுறையை வைத்து ஏ, பி, சி என்று எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஏ வகை மெனிஞ்சோகாக்கஸ் பரவியதை அடுத்து, பயணிகளுக்குத் தடுப்பூசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டில் டபிள்யூ135 என்ற இன்னொரு வகை தலையெடுத்து, திரும்பிய பயணிகளோடு பல நாடுகளுக்குப் போய், அவர்களுடைய வீட்டாரையும் தொற்றியது. அதன்பின் ஏ, சி, ஒய், டபிள்யூ135 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசியைப் பயணிகளுக்குப் போடத் தொடங்கினார்கள். 2001இல் அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு ஹஜ்ஜுக்குச் சென்ற சிங்கப்பூர்ப் பயணிகளின் தொண்டையை, போகும் முன்பும் வந்த பின்பும் துடைத்தெடுத்து ஆய்ந்தார்கள். போகும்போது இல்லாத டபிள்யூ135, திரும்பும்போது நூற்றுக்குச் சுமார் 15 பேரின் தொண்டையில் இருந்தது. ஊசியே போடாத அவர்களுடைய வீட்டாரில் நூற்றுக்குச் சுமார் 8 பேரிடமும் காணப்பட்டது. பயணிகளின் இரத்தத்தை ஊசி காத்திருந்தது, தொண்டையைக் காக்கவில்லை.

அக்காலத்து ஊசியில் கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் மட்டுமே இருந்தன. வெறும் சர்க்கரையைக் கண்ட உடல் சிறிது காலத்துக்கு எதிர்ப்பொருளை (கிருமியை அடையாளம் கண்டு ஒட்டும் புரதத்தை) உண்டாக்குமே தவிர, அதை நினைவில் இருத்திக்கொள்வதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் அந்த அளவுக்குக்கூட அசைவதில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. 1999இல் பிரிட்டன் சி வகைக்கு எதிராக இப்படிப் பிணைத்த தடுப்பூசியைச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் போட்டபோது, ஒரே ஆண்டில் 15 முதல் 17 வயது வரையிலான மாணவர்களின் தொண்டையில் சி வகை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஊசி போடாதவர்களிடையேயும் நோய் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தது. ஊசி குத்தியது கையில்தான்; ஆனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிரம்பி, அதில் ஒரு பகுதி சளிச்சவ்வின் வழியே கசிந்து, தொண்டையையும் நனைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய வெற்றி ஆப்பிரிக்காவில் கிடைத்தது. மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரை, சஹாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பை மூளைக்காய்ச்சல் பட்டை என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. வறண்ட புழுதிக்காற்று வீசி மூக்கும் தொண்டையும் உலர்ந்து புண்ணாகும் மாதங்களில் அங்கே நோய் கிளம்பும். முதல் மழை விழுந்ததும் அடங்கும். 1996, 1997ஆம் ஆண்டுகளில் மட்டும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நோயுற்று, 25,000 பேர் இறந்தார்கள். அந்தப் பட்டையின் ஏழை நாடுகளுக்கென்று புனேயின் சீரம் நிறுவனம் ஓர் ஊசி அரை டாலருக்கும் குறைவான விலையில் தயாரித்த மென்ஆப்ரிவாக் என்ற, ஏ வகைக்கு எதிராகப் புரதத்தோடு பிணைத்த தடுப்பூசி, 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்டது. முகாமுக்கு முன் மக்களின் தொண்டையில் கண்டறியப்பட்ட ஏ வகை, அதன்பின் நடந்த ஆய்வுகளில் தென்படவே இல்லை. 2017க்குப் பின் அந்தப் பட்டை முழுவதிலும் ஏ வகை நோயே உறுதிசெய்யப்படவில்லை. இப்போது ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஆகிய ஐந்து வகைகளுக்குமான ஊசியை, 2024 ஏப்ரலில் நைஜீரியா முதலாவதாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவும் ஊசியே செய்துவிட்டபிறகு மூக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த ஐந்து எழுத்துகளில் பி இல்லை என்பதைக் கவனியுங்கள். பி வகையின் சர்க்கரை உறை, நம்முடைய நரம்பணுக்களின் மேலுள்ள ஒரு பொருளை அப்படியே ஒத்திருப்பதால், அதைத் தடுப்பூசியாக்கினால் உடல் கண்டுகொள்வதும் இல்லை. கண்டுகொண்டாலும் தன்னையே தாக்கிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. எனவே அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்து, அதிலிருந்து புரதங்களைத் தேர்ந்தெடுத்து வேறு விதமாகத் தடுப்பூசி செய்தார்கள். 2015 முதல் பிரிட்டன் அதைக் கைக்குழந்தைகளுக்குப் போடுகிறது. போட்டுக்கொண்ட குழந்தையை அது காக்கிறது. ஆனால் 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 35,000 பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஓராண்டு கழித்து, நோய் உண்டாக்கும் வகைகளைத் தொண்டையில் சுமந்தவர்கள் ஊசி போட்ட பள்ளிகளில் நூற்றுக்கு 2.55; போடாத பள்ளிகளில் 2.52. எந்த வேறுபாடும் இல்லை. இந்த இரண்டு எண்களைப் படித்த இரவில் அத்தாவின் கேள்வி மறுபடியும் என் முன் வந்து நின்றது. கசிந்து வரும் எதிர்ப்பொருளை நம்பிக் கைக்கு ஊசி போடுவது சில வகைகளுக்குப் பலிக்கிறது, பி வகைக்குப் பலிக்கவில்லை. அப்படியானால் காவலைச் சளிச்சவ்விலேயே நேரடியாக நிறுத்துவது எப்படி?

சளிச்சவ்வுக்கென்று தனிப் படையே உடலில் உண்டு. ஐஜிஏ என்று சொல்லப்படும் எதிர்ப்பொருளை, சவ்வின் அடியில் தங்கியிருக்கும் அணுக்கள் இரண்டிரண்டாகக் கோத்துச் செய்கின்றன. சவ்வின் அணுக்கள் அதை அடியில் வாங்கி மேற்பரப்பில் கொண்டுபோய் விடுகின்றன. நம் உடல் மற்ற எல்லா எதிர்ப்பொருள்களையும் சேர்த்துச் செய்வதைவிட நாள்தோறும் இதை அதிகமாகச் செய்கிறது. அந்த அளவுக்குச் சவ்வு முக்கியமான எல்லை. இது கிருமியைக் கொல்வதைக் காட்டிலும், அதை ஒட்டவிடாமல் சளியில் சிக்கவைத்து அடித்துச் செல்கிறது. மூக்கின் பின்னும் தொண்டையைச் சுற்றியும் வளையமாக அமைந்துள்ள அடினாய்டு, டான்சில் போன்ற திசுக்கள்தான் இந்தப் படைக்கு ஆள் எடுக்கும் இடம். கையில் குத்தும் ஊசி அந்த இடத்தைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. மூக்கில் விடும் மருந்து நேரே அங்கே போகிறது.

மெனிஞ்சோகாக்கஸும் இதை அறிந்ததைப் போலவே நடந்துகொள்கிறது. ஐஜிஏவை நடுவில் வெட்டிப் போடுவதற்கென்றே ஒரு நொதியை அது சுரக்கிறது. ஐஜிஏவில் உள்ள இரண்டு வகைகளில் அந்த நொதியால் வெட்டக்கூடியது முதல் வகை மட்டுமே. நம் கெட்ட காலம், மூக்கில் மிகுதியாக இருப்பதும் அந்த முதல் வகைதான். மூக்கு வழி மருந்து என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு நொதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. நார்வேயில் 1990களில், பி வகைக் கிருமியின் வெளிச்சவ்விலிருந்து உதிரும் நுண்ணிய குமிழ்களைச் சேகரித்துத் தன்னார்வலர்களின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். மூக்கின் நீரில் ஐஜிஏ உண்டாயிற்று; சிலருடைய இரத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆற்றலும் வந்தது. அந்த வழி பரவலான பயன்பாட்டுக்கு வந்து சேரவில்லை. சளிச்சவ்வு எளிதில் அசையாத உறுப்பு என்பது அதற்குரிய காரணங்களில் ஒன்று. தூசி, மகரந்தம், சோறு, குழம்பு என்று நாள் முழுவதும் அயற்பொருள்களையே சந்திக்கும் அது, எதைக் கண்டாலும் பொறுத்துப்போகப் பழகியிருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப வேண்டுமானால் மருந்தோடு ஒரு தூண்டுபொருளையும் சேர்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு மூக்குவழி இன்புளுயன்சா தடுப்பு மருந்தில், ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சு ஒன்றைத் தூண்டுபொருளாகச் சேர்த்திருந்தார்கள். மருந்தை எடுத்தவர்களில் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த நச்சு நரம்புத் திசுவில் ஒட்டும் இயல்புடையது. மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பு மட்டுமே என்பதை நினைத்தால், மூக்குவழி மருந்துகளைப் பற்றி அதிகாரிகள் இன்றுவரை காட்டும் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு தடை எங்களைப் போன்ற ஆய்வகத்தாரைச் சார்ந்தது. ஊசி வேலை செய்கிறதா என்பதை அறிய, போட்டவரின் இரத்தநீரில் கிருமியை விட்டு, அது சாகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. 1969இல் அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோல் அது. மூக்குக்கு அப்படி ஊரறிந்த அளவுகோல் இல்லை. மூக்கைக் கழுவி எடுக்கும் நீர், ஒருவருக்கு ஒருவர் மட்டுமல்ல, காலைக்கும் மாலைக்குமே மாறுபடும். அளக்க முடியாததற்கு அனுமதி வாங்குவது எளிதல்ல.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரீடும் அவருடைய குழுவினரும் எடுத்த வழி என்னைக் கவர்ந்ததற்குக் காரணம், அது இந்தத் தடைகளைச் சுற்றிக்கொண்டு போவதுதான். நைசீரியா லாக்டாமிக்கா என்று மெனிஞ்சோகாக்கஸுக்கு ஒரு சாதுவான பங்காளி உண்டு. அதற்குச் சர்க்கரை உறை கிடையாது. சின்னஞ்சிறு குழந்தைகளின் தொண்டையில் மிகுதியாக வாழ்ந்து, ஒன்றும் செய்யாமல் போய்விடும். அது நிறைந்திருக்கும் வயதில் மெனிஞ்சோகாக்கஸ் குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் நெடுநாளாகவே கவனித்திருந்தார்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 310 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்தச் சாதுவை உயிரோடு சொட்டாக மூக்கில் விட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். 2015இல் வெளியான முடிவின்படி, சொட்டு பெற்றவர்களில் மெனிஞ்சோகாக்கஸைச் சுமந்தவர்கள் நூற்றுக்கு 24 என்பதிலிருந்து இரண்டே வாரத்தில் 15ஆகக் குறைந்தார்கள். விட்ட சொட்டு எல்லோருடைய மூக்கிலும் குடியேறவில்லை. குடியேறிய சிலரைக் கொண்டே இந்தக் குறைவு கிடைத்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டு வாரம் என்பது புதிய எதிர்ப்பொருள் செழிப்பதற்குக்கூடப் போதாத காலம்; ஆகவே இடத்தைப் பிடித்துக்கொண்டு பங்காளியை வெளியேற்றும் வேலையும் இதில் இருக்க வேண்டும். பின்னர், மெனிஞ்சோகாக்கஸ் சவ்வில் ஒட்டப் பயன்படுத்தும் ஒரு புரதத்தின் மரபணுவை இந்தச் சாதுவுக்குள் வைத்து, 2021இல் சிறிய ஆய்வொன்றையும் வெளியிட்டார்கள். குடியிருந்துகொண்டே தடுப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும் கிருமி என்று அதைச் சொல்லலாம். நைசீரியாக் குடும்பத்துக் கிருமிகள் தங்களுக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் உடையவை என்பதால், இதைப் பொறுமையோடும் எச்சரிக்கையோடும்தான் மேற்கொண்டு செல்ல வேண்டும்.

சளிச்சவ்வு மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை நம் வேலூரிலிருந்தும் ஒன்று உண்டு. போலியோ சொட்டு மருந்து மேலை நாடுகளில் மூன்று தவணையில் கொடுத்த பலன் இங்குள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் பல்லாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். குடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பிற கிருமிகளும் ஊட்டக் குறைவும் மருந்தைத் தோற்கடிக்கக்கூடும். பணக்கார நாட்டு மாணவரின் மூக்கில் வெற்றி பெற்ற சொட்டு, புழுதிக்காற்றில் உலர்ந்த நைஜர் நாட்டுக் குழந்தையின் மூக்கிலும் அப்படியே வெற்றி பெறும் என்று யாரும் முன்கூட்டியே எண்ணிவிடக் கூடாது. அதே வேலூரிலிருந்து 2014இல் வந்த இன்னொரு முடிவு நம்பிக்கையும் தருகிறது: பல முறை சொட்டு மருந்து பெற்றிருந்த சிறுவர்களுக்கு ஒரே ஒரு போலியோ ஊசி போட்டபோது, அவர்களுடைய குடலின் தடுப்பாற்றல் வலுப்பட்டது. சவ்வு ஒருமுறை கற்றுக்கொண்டதைக் கையில் குத்தும் ஊசியால் மீண்டும் எழுப்ப முடிகிறது. மூக்கில் முதலில் ஒரு சொட்டு, பிறகு கையில் ஓர் ஊசி என்ற வரிசை மெனிஞ்சோகாக்கஸுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அப்போது அத்தா நின்ற இரண்டு மேசைகளுமே ஒரே நோய்க்கானவையாக இருக்கும்.

அத்தாவும் அம்மாவும் நாற்பது நாள் கழித்துத் திரும்பினார்கள். அவர்கள் மக்காவில் இருந்தபோதுதான் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்காமல், மதீனாவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து, பெரியவர்கள் மென்று பிள்ளையின் நாவில் தடவும் வழக்கப்படி செய்யக் குழந்தையைக் கேட்டார். எல்லாப் பயணிகளையும்போல அவருக்கும் இருமல் இருந்தது. அந்தக் கை ஊசி அவருடைய தொண்டையில் எதைத் தடுத்திருந்தது, எதை விட்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. "மெல்ல வேண்டாம் அத்தா, ஜம்ஜம் தண்ணியில ஊறவெச்சுக் கையால பிசைஞ்சு குடுங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பழத்தை ஒரு கிண்ணத்தில் ஊறவைத்து, விரல் நுனியால் மசித்து, பிஸ்மி சொல்லி, முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டே அந்தச் சின்ன உதட்டில் தடவினார்.